மூணு நிமிசத்துல முடிச்சிருவியா, தாயி?

சம்சாரிககிட்ட எப்படிப் பேசணும்னு ஒனக்குச் சொல்லிக்குடுக்க ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப் வச்சிருக்காகளாமே, ஒங்க அப்பன் சொன்னான். பொறந்ததுல இருந்து காலேசுக்குப் போற வரைக்கும் நீ சம்சாரி வீட்டுல, சம்சாரிககிட்டதான பேசிக்கிட்டு இருந்த? படிக்கப் போன எடத்துல அதை மறக்கடிச்சாக. மறந்தது நல்லா மறந்துருச்சான்னு பரீட்சை வச்சுப் பாத்தாக. இப்பத் திரும்பச் சொல்லிக்குடுக்க ஆள் வச்சு, பையும் பேனாவும் மத்தியானச் சாப்பாடும் போட்டு, முடிவுல சர்ட்டிபிகேட்டும் தாராகளாம். நல்ல ஏற்பாடு. கட்டாயம் போயிட்டு வா. ஆனா வந்து என் முன்னால நின்னு ‘அன்பான விவசாயப் பெருங்குடி மக்களே’ன்னு ஆரம்பிச்சேன்னா, ஒரு கும்பிடு போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவேன். சின்னத் தாத்தா மதிக்கலன்னு வருத்தப்படக் கூடாது.

பேசப் படிக்கிறது ஒண்ணும் கேவலம் இல்ல. தீவாளிக்கு வந்தப்ப நீதான ஃபாரடே கதையச் சொன்ன. லண்டன்ல ஒரு கொல்லர் மகன். பைண்டிங் கடையில வேலைக்குச் சேந்து, பைண்டிங்குக்கு வந்த புத்தகத்தப் படிச்சே பெரிய விஞ்ஞானியா ஆனவரு. நம்ம கெணத்து மோட்டாரு ஓடுறதுக்கும் அவருதான் மூலவரு. அப்பேர்ப்பட்ட மனுசனே 1818-ல பேச்சு வாத்தியார் ஸ்மார்ட்டுகிட்டப் போய் உக்காந்து பாடம் கேட்டிருக்காரு. அவரு பேசயில வேகமாப் போனாருன்னா, பட்டாளத்துல சார்ஜெண்டா இருந்த உதவியாளு ஆண்டர்சன், ‘மெதுவா’ன்னு எழுதுன அட்டைய முன்னால கொண்டாந்து வைப்பாராம். ஒரு மணி நேரம் முடியப் போகுதுன்னா ‘நேரம்’னு இன்னொரு அட்டை. ராயல் இன்ஸ்டிடியூசன்ல 1825-ல பிள்ளைகளுக்காக ஆரம்பிச்ச கிறிஸ்மஸ் பேச்சுல, 19 வருசம் அவருதான் பேசுனாராம். ஒத்த மெழுகுவத்தியப் பொருத்தி வச்சுக்கிட்டு ரசாயனம் பூராம் சொன்னாராம்ல.

ஒங்க ஆராய்ச்சிக் கைடுக்கும் அட்டை ரெண்டு எழுதிக் குடு தாயி. ‘மெதுவா’ அட்டை அவருக்குத் தேவைப்படாது. போன வருசம் அவரு பேசுனதக் கேட்டேன். ரெண்டாவது அட்டைய மட்டும் பெரிய எழுத்துல எழுது.

அந்த ஒர்க்‌ஷாப்ல மூணு நிமிசப் போட்டியும் உண்டுன்னு ஒங்க அப்பன் சொன்னான். ஒன் தீசிஸ் பூராத்தையும் மூணே நிமிசத்துல சொல்லணுமாம். படம் ஒண்ணே ஒண்ணு, அதுவும் அசையக் கூடாது. பாட்டு, கவிதை, கையில சாமான் எதுவும் ஆகாது. மூணு நிமிசம் தாண்டி ஒரு வார்த்தை பேசுனாலும் ஆட்டத்துல இல்ல. இது எங்க பொறந்துச்சுன்னு கேட்டதும் எனக்குச் சிரிப்பாணி தாங்கல. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து. அங்க அப்பக் கடுமையான வறட்சி. தண்ணிய மிச்சம் பிடிக்க, குளிக்கிற நேரத்த அளந்துக்கோங்கன்னு சொல்ல, நெறையப் பேரு குளிக்கிற செவத்துல மூணு நிமிச மணல் கடியாரத்த ஒட்டி வச்சிருந்தாகளாம். அதப் பாத்த குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துப் பெரியவரு ஒருத்தருக்கு, ஆராய்ச்சிப் பிள்ளைக பேச்சுக்கும் இதே அளவு போதும்னு தோணிருக்கு. 2008-ல முதல் போட்டி. 80,000 வார்த்தை தீசிஸ வாசிச்சுச் சொன்னா ஒம்பது மணி நேரம் ஆகுமாம், அத மூணு நிமிசமாச் சுருக்கிட்டோம்னு பெருமையாச் சொல்லுவாக. இன்னைக்கு ஒலகம் பூராம் நூத்துக்கணக்கான பல்கலைக்கழகத்துல நடக்குதாம்.

பஞ்சத்துல பொறந்த போட்டி, அதனால எனக்கு அது மேல ஒரு பிரியம். நம்ம கரிசக்காட்டுல வருசந்தோறும் தண்ணிப் பஞ்சம் பாத்தோம், பேச்சச் சுருக்கணும்னு ஒருத்தனுக்கும் புத்தி வரலயே.

நீ போட்டியில கலந்துக்கோ. ஒன் பேச்சுல இருக்கிற கொழுப்பு கரையும். ‘இதன் அடிப்படையில்’, ‘மேற்கண்டவற்றின் வாயிலாக’ எல்லாம் மூணு நிமிசத்துல நிக்காது, ஓடிப் போயிரும். ஆனா ஒண்ணு கவனிச்சியா? அந்த மூணு நிமிசத்துல ஒன்ன ஒருத்தனும் குறுக்க ஒரு கேள்வி கேக்க முடியாது. நம்ம ஊருல மூணு நிமிசங்கிறது, நீ யாரு மக, எந்த ஊருல கட்டிக் குடுக்கப் போறாக, மாசம் எம்புட்டு வருதுங்கிறதுக்கே பத்தாது. அதெல்லாம் கேட்டு முடிச்சப் பெறகுதான் நீ சொல்றத நம்பலாமா வேண்டாமான்னே யோசிப்பாக.

மாசம் எம்புட்டு வருதுன்னு கேட்டா என்ன சொல்லுவ? ஜேஆர்எஃப் உதவித்தொகை இருந்தா 37,000, ரெண்டு வருசம் கழிச்சு 42,000. 2023 ஜனவரில இருந்து அதுதான் கணக்கு. தாளுல கேக்க நல்லாத்தான் இருக்கு. அது மாசாமாசம் வருதா, ஆறு மாசத்துக்கு ஒருக்கா மொத்தமா வருதான்னு மட்டும் கேக்க மாட்டேன், நீ அழுதுருவ. நெட் பரீட்சை பாஸாகாத பிள்ளைகளுக்கு மத்தியப் பல்கலைக்கழகத்துல மாசம் 8,000. மாநிலத்துப் பல்கலைக்கழகத்துல அதுவும் இல்லாம, டியூசன் எடுத்துக்கிட்டுப் படிக்கிற பிள்ளைக எத்தனையோ. அந்தப் பிள்ளைககிட்டப் போய் ‘நீ மக்களோட உறவாடணும்’னு சொல்றாக. அது வாடகை கேக்குற வீட்டுக்காரரோட முகங்குடுத்துப் பேசவே பயந்துபோய்க் கெடக்கு.

கவர்மெண்டையும் சும்மா சொல்லக் கூடாது. 1976-ல அரசியல் சட்டத்துல 51ஏன்னு ஒரு பிரிவச் சேத்தாக. அறிவியல் மனப்பான்மைய வளக்கிறதும் எதையும் ஆராஞ்சு கேக்குறதும் குடிமகன் கடமைன்னு அதுல எழுதியிருக்கு. அப்ப நாட்டுல நெருக்கடி நிலை. கேள்வி கேட்டவுக ஜெயில்ல இருந்தாக. அது கெடக்கட்டும். 2018-ல அறிவியல் தொழில்நுட்பத் துறை, ஆராய்ச்சிப் பிள்ளைக தங்க ஆராய்ச்சியச் சாதாரண ஆளுக்குப் புரியிற மாதிரி எழுதுனா பரிசுன்னு ‘அவ்சர்’ திட்டம் கொண்டாந்தாக. முதல் பரிசு ஒரு லட்சம், அடுத்தது 50,000, அதுக்கடுத்தது 25,000, அதுபோக 100 பேருக்கு ஆளுக்குப் பத்தாயிரம். 2019-ல ஒரு வரைவு விட்டாக, அறிவுத்துறையில வேலை பாக்குறவன் ஒவ்வொருத்தனும் வருசத்துக்கு 10 நாளாவது சமூகத்துக்குன்னு ஒதுக்கணும்னு. 2022-ல அதுக்கு வழிகாட்டு நெறிமுறையும் வந்துருச்சு.

எல்லாம் சரி. எழுதுறவுகளுக்குப் பரிசு இருக்கு, பேசுறவுகளுக்குப் பயிற்சி இருக்கு, ஊருக்கு வந்துட்டுப் போக பஸ் காசு எந்தத் தலைப்புல இருக்குன்னுதான் எனக்குத் தெரியல. சில்லறைச் செலவுக்குன்னு வருசத்துக்கு 20,000 தாராகன்னு சொன்னேல்ல, அது ரசாயனக் குப்பி வாங்கவும் பிரிண்ட் போடவும் போயிருது. மிச்சத்த ஊருக்கு வரச் செலவழிச்சா பில்லு கேப்பாக. கவர்மெண்டு பஸ்ஸு டிக்கெட்டு ரெண்டு நாள்ல மை அழிஞ்சு வெள்ளத் தாளாயிரும். போதாததுக்கு டவுன் பஸ்ல பொம்பளையாளுக்கு டிக்கெட்டே இலவசம். பூஜ்யம் போட்ட டிக்கெட்டை ஒட்டிச் செலவுக் கணக்குத் தாளுல என்ன தாயி எழுதுவ? டீக்கடையில ஜிஎஸ்டி பில்லு கேட்டுராத, அந்தாளு வருமான வரிக்காரிய கூட்டியாந்துட்டேன்னு என்னைய வஞ்சுருவாரு.

காசு இருக்கிறவுக எப்படிச் செலவழிக்கிறாகன்னும் பாத்தாச்சு. போன மாசியில ஒரு கூட்டம் வந்துச்சு. எந்த ஊருப் பல்கலைக்கழகம்னு சொல்ல மாட்டேன், நல்லா இருக்கட்டும். மக்காச்சோளப் படைப்புழு விழிப்புணர்வு முகாம். ரெண்டு வேப்பமரத்துக்கு எடையில ஃப்ளெக்ஸ் கட்டுனாக. மேல துணைவேந்தரு படம், பதிவாளரு படம், துறைத் தலைவரு படம். புழு படம் கீழ மூலையில, ஒத்த ரூவா அகலம். பகல் பதினோரு மணி. வெயில்ல திரையில ஒண்ணும் தெரியல, தெரிஞ்சதும் இங்கிலீசு. ஒரு பொடிப்பய பதிவேட்டக் கொண்டாந்து எல்லார்கிட்டயும் கையெழுத்தும் போன் நம்பரும் வாங்குனான். ஒன் சித்தி எந்திரிச்சு, ‘மருந்தடிச்ச தட்டைய எத்தனை நாள் கழிச்சு மாட்டுக்குப் போடலாம்? பாலுக்கு ஒண்ணும் ஆகாதா?’ன்னு கேட்டா. ‘ரொம்ப நல்ல கேள்வி, போய்ப் பாத்துச் சொல்றோம்’னாக. பொண்ணு பாக்க வந்தவுக கேசரியத் தின்னுபோட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்’பாகள்ல, அப்படி. ரெண்டு தரப்பும் கேசரி தின்னோம். லெட்டர் இன்னும் வரல.

மாசியில எதுக்கு வந்தாகன்னு யோசிச்சுப் பாரு. நம்ம பக்கம் புரட்டாசி, ஐப்பசியில வெதைப்போம். புழு விழுகிறது கார்த்திகைக்குள்ள, பயிரு குருத்தா இருக்கயில. தையில கருது ஒடிச்சாச்சு. மாசியில காடு மொட்டை. ஆனா மார்ச் 31-க்குள்ள காசச் செலவழிச்சுக் கணக்கு முடிக்கணும். புழுவுக்கு நிதியாண்டு தெரிய மாட்டேங்குது.

அந்தப் புழு எங்க காட்டுக்கு வந்த கதை ஒனக்குத் தெரியும், நீ எடுத்திருக்கிற ஆராய்ச்சியே அதுதான. அமெரிக்கக் கண்டத்துப் புழு. 2016-ல ஆப்பிரிக்காவுல எறங்குச்சு. 2018 மே மாசம் கர்நாடகத்துல சிவமொக்கா பக்கம் கண்டுபிடிச்சாக. அந்த வருசம் மழைக்கு நாங்க வெதைச்ச மக்காச்சோளத்துல வந்து உக்காந்துருச்சு. அந்துப்பூச்சி ஒரு ராத்திரியில நூறு கிலோமீட்டர் பறக்குமாம்ல. சிவமொக்காவுல இருந்து அது இங்க வந்து சேந்துருச்சு, அதப் பத்தின சேதி வந்து சேரல. அதுதான் எனக்கு இன்னைக்கும் ஆறல. பக்கத்து டவுன்ல வெள்ளைக்காரன் காலத்து ஆராய்ச்சி நிலையம் இருக்கு. பருத்தியும் சோளமும் கம்பும் அங்க இருந்துதான் புதுசு புதுசா வந்துச்சு. இருந்தும் அந்த வருசம் சம்சாரி மொதல்ல ஓடுனது எங்க? உரக்கடைக்கு.

அங்கதான் தாயி ஒன் போட்டியாளு உக்காந்திருக்காரு. நீ மத்த ஆராய்ச்சிப் பிள்ளைகளோட போட்டி போடுறன்னு நெனைக்க. உரக்கடைக்காரரு காலையில ஆறு மணிக்குக் கடையத் தெறப்பாரு. ஒரு ஒர்க்‌ஷாப்புக்கும் போனதில்ல. போனதும் கேப்பாரு: ‘எத்தனை நாள் பயிரு? மேல ஓட்டை விழுந்திருக்கா, குருத்துல மரத்தூள் கணக்கா எச்சம் கெடக்கா? எத்தனை டேங்க் அடிப்பீரு?’ அம்புட்டுத்தான். ரெண்டு பாட்டிலக் கையில குடுப்பாரு. காசு கருதறுத்தப் பெறகு. அதுல ஒண்ணு தேவையில்லாத பாட்டிலாத்தான் இருக்கும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனா அவரு கடனுக்குத் தாராரு, நாளைக்கும் அங்கயே இருப்பாரு. மருந்து கேக்கலன்னா போய்ச் சண்டை போடலாம். ஒங்க கைடுகிட்ட எங்க போய்ச் சண்டை போட?

அவரு டேங்குல பேசுறாரு, நீ லிட்டர்ல பேசுற. ஒங்க சிபாரிசுத் தாளுல ‘இமாமெக்டின் பென்சோயேட் லிட்டருக்கு 0.4 கிராம்’னு போட்டிருக்கு. பாயிண்டு நாலு கிராம எந்தத் தராசுல நிறுக்க? பத்து லிட்டர் டேங்குக்கு நாலு கிராம்னு சொன்னா முடிஞ்சது. வேப்பம்புண்ணாக்கு கடைசி உழவுல எக்டேருக்கு 250 கிலோவாம். இங்க யாருக்கு எக்டேர் தெரியும்? ஏக்கருக்கு நூறு கிலோ, ரெண்டு மூட்டைன்னு சொல்லு. இத ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப்ல சொல்லிக்குடுக்க மாட்டாக. அங்க கண்ணப் பாத்துப் பேசு, கைய அகட்டிப் பேசு, சிரிச்ச முகமா இருன்னு சொல்லுவாக. அதுவும் வேணும்தான். நீ சின்னப் பிள்ளையில இருந்தே கொஞ்சம் உம்முனுதான இருப்ப.

ஆனா அவுக வந்த மாசிக்கு முந்துன கார்த்திகையில நீ லீவுக்கு வந்தப்ப செஞ்சது எந்த ஒர்க்‌ஷாப்லயும் வராது. பொழுது சாயுற நேரம். நானும் ஒன் சித்தியும் நின்னோம். நீ பாட்டுக்குக் காட்டுக்குள்ள எறங்குன, ஒரு குருத்தப் பிரிச்ச, எச்சத்த ஊதித் தள்ளுன, புழுவ எடுத்து ஒன் உள்ளங்கையில விட்டுட்டு லென்ச அவ கையில குடுத்த. ‘தலையில பாருங்க சித்தி, கவட்டையத் தலைகீழாப் போட்டது கணக்கா வெள்ளைக் கோடு. வாலுக்குக் கொஞ்சம் முந்தி நாலு கரும்புள்ளி, சதுரமா. இது ரெண்டும் இருந்தா படைப்புழு. இல்லேன்னா நம்ம ஊருப் பழைய புழு, பதற வேண்டாம்’னு சொன்ன. அன்னையில இருந்து அவ ஆரு காட்டுக்குக் களையெடுக்கப் போனாலும் குருத்தப் பிரிச்சுக் காட்டுறா. அவளுக்கு நீ சர்ட்டிபிகேட் குடுக்கல, பதிவேட்டுல கையெழுத்தும் வாங்கல. அப்பயே இந்தத் தட்டை, பால் கேள்விய ஒங்கிட்டக் கேட்டா. நீ ‘தெரியல சித்தி’ன்ன. சொல்லிட்டு, மாட்டு டாக்டருக்குப் படிக்கிற ஒன் கூட்டாளிகிட்டக் கேட்டு, அந்த வாரத்துலயே போன் போட்டுச் சொன்ன. மாசியில வந்தவுகளை அவ அந்தக் கேள்வியக் கேட்டது தெரியாம இல்ல தாயி. இவுகளுக்குத் தெரியுமான்னு பாக்கத்தான் கேட்டா. நம்ம ஊருப் பொம்பளைகள லேசுல எடை போட்டுராத.

இப்ப ஊருக்கு வந்து பேசக் காசு கேக்குற ப்ரொபோசல எழுதுறதுக்கு என் யோசனையக் கேட்டல்ல, சொல்றேன். பயனாளிகள் எத்தனை பேருன்னு ஒரு கட்டம் இருக்கும். 150-ன்னு எழுது. ஆடு மாட்டையும் சேத்தா வந்துரும். புதுமை என்னன்னு ஒரு கட்டம் இருந்தா, ‘ஒரே ஊருக்கு மறுபடியும் வருவது’ன்னு எழுது. இதுவரைக்கும் ஆரும் செஞ்சிருக்க மாட்டாக. நேரத்த ராத்திரி ஏழு மணின்னு போடு. பதினோரு மணிக்கு வச்சா வேலைவெட்டி இல்லாத என்னையப் போல கெழடுகதான் வருவோம், மருந்தடிக்கிறவனும் களையெடுக்கிறவளும் காட்டுல இருப்பாக. பகல்ல அவுகளக் கூப்பிட்டே ஆகணும்னா அன்னைக்குக் கூலிய நீ குடு. அதுக்கு ஒரு தலைப்பு போட்டுக் கேளு. தர மாட்டாக. கேட்டு வை. ஃப்ளெக்ஸுக்கு எழுதுன காச அங்க தள்ளு.

ஒங்க குளவி சமாச்சாரத்தையும் சொல்லு. புழு முட்டைக்குள்ள முட்டை வைக்கிற குட்டிக் குளவிய ஆராய்ச்சிக் கூண்டுல விட்டு நல்லா வேலை செய்யுதுன்ன. காட்டுல விட்டுத் தோத்துருச்சுன்னா அதையும் வந்து சொல்லு. எங்களுக்குத் தோக்குறது புதுசு இல்ல, கூச்சப்படாத. ஜெயிச்சத மட்டும் சொல்றவரு உரக்கடையில ஏற்கெனவே ஒருத்தரு இருக்காரு. தோத்தத எழுத ப்ரொபோசல்ல கட்டம் இருக்காது, அத நேர்ல வச்சுக்கோ.

இதெல்லாம் ஆகாத காரியம்னு ஒங்க ஆளுக சொல்லுவாக. முன்ன ஆகியிருக்கு. 1987-ல பாரத ஜன விஞ்ஞான ஜாதான்னு நாட்டுல அஞ்சு தெசையில இருந்து கெளம்பி, நாடகம் போட்டுப் பாட்டுப் பாடி, விஷவாயு அடிச்ச போபால்ல போய்ச் சேந்தாக. நம்ம பக்கம் அதுல வந்தது அறிவியல் இயக்கத்து ஆளுக, 1980-ல ஆரம்பிச்சவுக. அவுகளும் பயிற்சி எடுத்தவுகதான், மாசக்கணக்கா ஒத்திகை பாத்துட்டுத்தான் தெருவுக்கு வந்தாக. ஆனா ராத்திரி நம்ம வீட்டுத் திண்ணையிலதான் படுத்தாக, கேக்க ஆளிருந்தா விடிய விடியப் பதில் சொன்னாக. எழுதப் படிக்கச் சொல்லிக்குடுத்த அறிவொளி இயக்கக் காலத்துல அதே முகங்க திரும்ப வந்துச்சு. அறிவியல் இயக்கத்து ‘துளிர்’ புத்தகத்தப் படிச்சுத்தான் ஒங்க அப்பன் கெரகணத்தக் கண்ணாடி போட்டுப் பாக்கணும்னு எனக்கே பாடம் எடுத்தான். கைடு முணுமுணுத்தாருன்னா, இதையெல்லாம் சொல்லிப் பாரு. ‘பேப்பர் எத்தனை?’ம்பாரு. பேப்பரையும் எழுது. ஒரு சிரமமும் இல்ல, பேப்பர் எழுதுறது உக்காந்து செய்யிற வேலைதான.

கார்த்திகை ரெண்டாவது வாரம் வந்துரு. பயிரு அப்ப இருவது இருவத்தஞ்சு நாளா இருக்கும், குருத்துல புழுவும் ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். செவ்வாக்கிழமை ஆகாது, சந்தை. சித்திகிட்டச் சொல்லிட்டேன், களையெடுக்கிற சோட்டாளுக பத்துப் பேரையாவது கூட்டியாருவா. உரக்கடைக்காரரையும் கூப்பிட்டிருக்கேன். மொதல்ல முறைச்சாரு. பெறகு, ‘வாரேன், ஆனா நானும் அந்தப் பிள்ளைகிட்ட நாலு கேள்வி கேப்பேன்’னாரு. அவரு முன்னால டேங்குக் கணக்குல தடுமாறிராத, மானம் போயிரும். அப்புறம் வரும்போது சர்ட்டிபிகேட் ஒண்ணு அவரு பேருக்குப் போட்டுக் கொண்டாரச் சொன்னாரு, கடையில சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டணுமாம்.